வெரோனாவில் சேரி கிடையாது

பிப்ரவரி 14 அன்று கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் வீதி நாடகம் போடப் போவதாகச் சில இளம் தோழர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாதி ஆணவப் படுகொலைகளுக்கு எதிரான நாடகம். நல்ல காரியம். என்னிடம் கேட்டது சின்ன உதவிதான். "தோழர், நீங்க இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிச்சவர். ரோமியோ ஜூலியட்ல இருந்து மனசுல நிக்கிற மாதிரி பத்து வரி எடுத்துத் தமிழ்ல எழுதிக் குடுங்க. ஒவ்வொரு வரிக்கும் நடுவுல நம்ம ஊர்ல கொல்லப்பட்டவங்க பேரைச் சொல்லப் போறோம்." சுவரொட்டி மாதிரியும் கையிலேயே இருந்தது. 'நம் மண்ணின் ரோமியோ ஜூலியட்டுகளுக்கு' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே ஒரு பால்கனி, ஒரு நிலா.

சரி என்று சொல்லித்தான் அனுப்பினேன். பழைய புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதை அவர்களிடம் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நாடகத்துக்கு இன்னும் நாளிருக்கிறது.

அந்த நாடகம் தொடங்கும்போதே ஷேக்ஸ்பியர் ஒரு தகவலைச் சொல்லிவிடுகிறார். மாண்டேகு, கேப்யுலட் என்ற இரண்டு குடும்பங்களும் மதிப்பில் சரிசமமானவை. இதை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். பகை எப்படி வந்தது என்று நாடகம் எங்கேயும் சொல்வதில்லை, அது தேவையுமில்லை. இரண்டு வீட்டிலும் பணமிருக்கிறது, இரண்டு வீட்டு வேலையாட்கள் இடுப்பிலும் கத்தியிருக்கிறது, இரண்டு வீட்டுப் பிணங்களும் புதைவது ஒரே ஊரில். இன்னொரு இடம். கேப்யுலட் வீட்டு விருந்துக்குள் ரோமியோ முகமூடி போட்டுக்கொண்டு நுழைந்துவிடுகிறான். ஜூலியட்டின் அத்தான் டிபால்ட் அவனை அடையாளம் கண்டு கத்தியை எடுக்கப் போகிறான். அவனைத் தடுப்பது யார் தெரியுமா? ஜூலியட்டின் அப்பா. அந்தப் பையன் நல்லவன் என்று ஊரே சொல்கிறது, என் வீட்டில் வைத்து அவனை ஒன்றும் செய்யாதே என்று அதட்டி அடக்கிவைக்கிறார்.

எதிரி வீட்டுப் பையன், அழைக்காமல் வந்தவன், பெண் இருக்கும் வீட்டில் நிற்கிறான். அப்பா அவனை விருந்தாளியாக விட்டுவிடுகிறார். இதை எந்த ஊர்த் திருவிழாவில், எந்த வாசலில் வைத்து நீங்கள் கற்பனை செய்வீர்கள்? சேரிப் பையன் ஊர்த்தெருவில் சைக்கிளில் ஏறிப் போனதற்கே அடி வாங்கிய நாடு இது. வெரோனாவில் சேரி கிடையாது. அங்கே இருப்பது பகை. இங்கே இருப்பது படிநிலை. அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வில், மேலே இருப்பவன் கீழே இருப்பவனோடு பகை கொள்வதில்லை. பகை கொள்வதற்குக்கூட அவனைச் சமமாக நினைக்க வேண்டும் அல்லவா?

நாடகத்தின் முடிவும் அதனால்தான் அப்படி வருகிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் கல்லறையில் கிடக்க, கேப்யுலட் கையை நீட்டி மாண்டேகுவை 'சகோதரா' என்று கூப்பிடுகிறார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் பிணங்களுக்கு முன்னால் சம்பந்தி ஆகிறார்கள். உன் மகளுக்குத் தங்கச் சிலை வைக்கிறேன் என்கிறார் இவர், உன் மகனுக்கும் வைக்கிறேன் என்கிறார் அவர். சமமானவர்களுக்கு அது கட்டுபடியாகும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கடலூர்ப் பக்கம் வாருங்கள். இங்கிருந்து கடலூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் தலித், பொறியியல் பட்டதாரி. கண்ணகி வன்னியர். 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று, பெண் வீட்டார் இருவரையும் பிடித்துவந்து, மூக்கிலும் காதிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

விஷம் என்றதும் ஒப்பிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், அந்த ஆண்டு எங்களுக்கு இந்த நாடகம்தான் பாடம். வகுப்பில் யாரோ "ரோமியோ ஜூலியட் மாதிரியே இருக்குல்ல" என்றார்கள். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். ரோமியோ விஷத்தைக் காசு கொடுத்து வாங்கித் தானே குடித்தான் என்பதும், முருகேசனின் மூக்கில் அதை நான்கு பேர் பிடித்து ஊற்றினார்கள் என்பதும் இரண்டு வேறு விஷயங்கள் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அதைவிட மோசமானது அதற்குப் பிறகு நடந்தது. நாடகத்தில் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ சாகும்போது இரண்டு குடும்பங்களையும் சேர்த்துச் சபிப்பான். மேடையில் கைதட்டல் வாங்கும் இடம். புதுக்கூரைப்பேட்டை வழக்கில் போலீஸ் அந்தச் சாபத்தை அப்படியே எடுத்து வழக்காகப் பதிந்தது. இரண்டு தரப்பும் சேர்ந்துதான் கொன்றார்கள் என்று கதை கட்டி, முருகேசனின் சொந்தக்காரர்களையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. மகனைப் பறிகொடுத்த வீட்டிலிருந்தே கைது. 2004இல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போன பிறகும் குற்றம்சாட்டப்பட்ட 15 பேரில் 2 பேர் முருகேசன் தரப்பினர். வழக்கறிஞர் பொ.இரத்தினம் போன்றவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால், 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் கண்ணகியின் சகோதரர் உண்டு, அப்பா உண்டு, போலீஸ்காரர்கள் இரண்டு பேர் உண்டு. முருகேசன் தரப்பின் அந்த இரண்டு பேரும் அன்றைக்குத்தான் விடுதலையானார்கள். 18 ஆண்டுகள்! சகோதரருக்கு விதித்த தூக்கை 2022இல் உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

இரண்டு பக்கமும் தப்பு இருக்கு, இரண்டு குடும்பமும் பாவம், விதி விளையாடிவிட்டது என்று பேசுவது வெறும் இலக்கிய ரசனை என்று நினைக்காதீர்கள். அந்தப் பேச்சு முதல் தகவல் அறிக்கைக்குள் போய் உட்காரும். உட்கார்ந்தது.

காதல் சோக நாடகங்களுக்கெல்லாம் ஒரு பொதுவான தந்திரம் இருக்கிறது, தற்செயல். பாதிரியார் எழுதிய கடிதம் ரோமியோ கையில் கிடைப்பதில்லை, கொள்ளைநோய்ப் பயத்தில் தூதுவனை அடைத்துவைத்துவிடுகிறார்கள். அந்தக் கடிதம் மட்டும் போயிருந்தால் என்று நாம் ஏங்குகிறோம். நம் அம்பிகாபதி கதையும் இதே ஜாதகம்தான். நூறு பாட்டு சிற்றின்பம் கலக்காமல் பாடினால் உயிர் பிழைக்கலாம், காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிடுகிறாள் அமராவதி, ஒன்று குறைகிறது, தலை போகிறது. 1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் அதைப் படமாக எடுத்தபோது, அதற்கு முந்தைய ஆண்டு ஹாலிவுட்டில் வந்த ரோமியோ ஜூலியட் படத்தின் காட்சிகளை அதில் எடுத்தாண்டார். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தியாகராஜ பாகவதரும் சந்தானலட்சுமியும் நடித்த அந்தக் காதல் காட்சிகளில் தமிழ்நாடே கிறங்கிக் கிடந்தது. பொருத்தம் அவ்வளவு கச்சிதம், ஏனென்றால் இரண்டு கதையிலும் கொலைகாரன் ஒரு கணக்குப் பிழைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடிகிறது. நாம் அமராவதியின் எண்ணிக்கையைப் பற்றி வருத்தப்படுகிறோம். பாட்டுக்குப் பந்தயமாகத் தலையைக் கேட்ட அரசனைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆணவக் கொலைகளில் எந்தக் கடிதமும் வழிதவறுவதில்லை. எல்லாத் தகவலும் சரியான நேரத்துக்குச் சரியான ஆளுக்குப் போய்ச் சேருகிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்யப் போனால் 30 நாள் அறிவிப்பை அலுவலகச் சுவரில் ஒட்டுவார்கள், பெயரும் முகவரியும் அதில் இருக்கும். மாமன் பார்ப்பான், சங்கத்துக்காரன் பார்ப்பான். 2016 மார்ச்சில் உடுமலையில் சங்கரைப் பட்டப்பகலில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், கேமரா ஓடிக்கொண்டிருக்க வெட்டினார்கள். 2015 ஜூனில் கோகுல்ராஜைத் திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து அழைத்துப் போனார்கள், மறுநாள் பள்ளிபாளையம் ரயில் பாதையில் உடல். 2025 ஜூலை 27, பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியாளர் கவின் செல்வகணேஷ். குற்றம்சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணின் சகோதரர். அவருடைய பெற்றோர் இருவரும் காவல்துறையில் சார் ஆய்வாளர்கள். இதில் எங்கே தோழர்களே நட்சத்திரமும் கிரகமும் வருகிறது?

இனி, நினைவில் நிற்கும் வரிகள்.

எந்த வரி நம் நினைவில் நிற்கிறது என்பதிலும் அரசியல் இருக்கிறது. கல்லூரியில் எங்களுக்குக் கேட்ட கேள்விகளெல்லாம் பால்கனியைச் சுற்றித்தான். விடியற்காலையில் கூவியது வானம்பாடியா வேறு பறவையா என்று இருவரும் வாதாடும் இடம் பத்து மதிப்பெண். மூன்றாம் அங்கத்தில் ஜூலியட்டின் அப்பா பேசுவதை யாரும் கேட்கவில்லை. விருந்தில் அத்தனை பெருந்தன்மையாக நடந்துகொண்ட அதே மனிதர். தான் பார்த்த மாப்பிள்ளையை மகள் வேண்டாம் என்றதும் என்னவெல்லாம் பேசுகிறார்! வியாழக்கிழமை நீயாகத் தேவாலயத்துக்கு வராவிட்டால் இழுத்துக்கொண்டு போவேன் என்கிறார். அடிக்கக் கை துறுதுறுக்கிறது என்கிறார். தெருவில் பிச்சையெடுத்துப் பட்டினியில் செத்தாலும் மகள் என்று சொல்ல மாட்டேன், ஒரு சல்லிக்காசு உனக்கு வராது என்கிறார். ஜூலியட்டுக்கு அப்போது 14 வயதுகூட நிறையவில்லை. அம்மாவிடம் கெஞ்சுகிறாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள். வளர்த்த தாதிகூட, அவனை மறந்துவிட்டு இவனைக் கட்டிக்கொள் என்கிறாள்.

இந்தக் காட்சியைப் படிக்கும்போது எந்தத் தமிழ்ப் பெண்ணுக்காவது மொழிபெயர்ப்பு தேவைப்படுமா? வீட்டில் கேட்டதுதானே. எல்லை தாண்டிக் காதலிக்க வேண்டும் என்றில்லை, அப்பா காட்டியவனை வேண்டாம் என்று சொன்னால் போதும். 1916இல் கொலம்பியாவில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில் அம்பேத்கர் அகமணத்தைத்தான் சாதியின் சாரம் என்றார். பெண்ணின் உடல்மேல் காவல் போடாமல் அகமணம் ஒரு தலைமுறைகூடத் தாங்காது. அந்தக் காவலின் குரல் கேப்யுலட்டின் குரல். வாழ்த்து அட்டையில் அது அச்சாவதில்லை. அச்சானால் விற்காது.

அடுத்து, பெயரைப் பற்றியும் ரோஜாவைப் பற்றியும் ஜூலியட் பேசும் இடம். இதைத்தான் தோழர்கள் முதல் வரியாக வைக்கச் சொல்லியிருந்தார்கள். அப்பனையும் குடும்பப் பெயரையும் துறந்துவிட்டு வா என்று இருட்டைப் பார்த்து அவள் சொல்கிறாள். உலகத்தில் எல்லோருக்கும் அது கவிதை. புதுச்சேரிக்காரனுக்கு அது ஒரு அரசாணை.

1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. இங்கிருக்கும் இந்தியர் எவரும் தன் சாதி, மத வழக்கச் சட்டத்தை நிரந்தரமாகத் துறந்துவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம். துறப்பவர் தனக்கென ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பப் பெற முடியாது. துறந்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். இந்த இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873இல் காலில் ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்குப் போட்டு வென்றவர். தனக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் லாபோர்த். பிரெஞ்சில் கதவு என்று பொருள். அந்தக் கதவு வழியாக வந்தவர்களில் பெரும்பகுதி கிறித்தவர்களும் தலித்துகளும்.

என் அம்மா வழிக் கொள்ளுத்தாத்தாவும் வந்தார். அதனால் அந்தப் பக்கத்துச் சொந்தங்களுக்கெல்லாம் பிரெஞ்சுப் பெயர். என் பெயரிலும் அதன் வால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

துறக்காதவர்கள் என்ன செய்தார்கள்? 1884இல் வாக்காளர் பட்டியலே மூன்றானது. ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவருக்கு ஒன்று, துறக்காதவருக்கு ஒன்று. சாதியை விட்டு வந்தவனுக்கென்று தனியாக ஒரு பெட்டி, அதுவே இன்னொரு சாதி மாதிரி. இது புதிய பழக்கமும் இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளை 1745ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இந்த ஊர்த் தேவாலயத்துக்குள் ஒடுக்கப்பட்ட கிறித்தவர்களைப் பிரித்துவைத்திருந்த சுவரைப் பற்றி எழுதியிருக்கிறார். சுவரை எடுத்ததும் சாதிக் கிறித்தவர்கள் பாதிரியாரிடம் சண்டைக்குப் போனார்கள். ரோமியோ ஏறிக் குதித்த தோட்டத்துச் சுவர் ஆணும் பெண்ணும் சந்திக்கத் தடையாக இருந்தது. இது சாமி கும்பிடும்போதுகூட மேலே படாமல் இருக்கக் கட்டியது.

நான் கல்லூரி முடித்த ஆண்டு. அவளும் எங்கள் வகுப்புதான், ஊர்த்தெருவில் பெரிய குடும்பம். ஒரு திருமண வரவேற்பில் அவள் அப்பாவிடம் என்னை அறிமுகம் செய்துவைத்தாள். பெயரைச் சொன்னேன். "பேரு ஸ்டைலா இருக்கே தம்பி, வெள்ளைக்காரன் மாதிரி" என்று சிரித்தார். தோளில் கைகூடப் போட்டார். பிறகு, "எந்தத் தெரு?" என்றார். சொன்னேன். கையை எடுத்துவிட்டார். கோபமாக எடுக்கவில்லை. கைக்குட்டையை எடுப்பது போல, ரொம்ப இயல்பாக.

ஆறு மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. யாரும் யாரையும் வெட்டவில்லை, யாரும் விஷம் குடிக்கவில்லை. ஆகவே இது கதையே இல்லை. எந்த நாடகத்திலும் இதற்கு இடமில்லை, உங்கள் பட்டியலிலும் இந்தப் பெயர்கள் வராது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சாதி ஒவ்வொரு நாளும் முடித்துவைக்கும் காதல்களில் மிகப் பெரும்பாலானவை இப்படி ரத்தமில்லாமல் முடிபவைதான். கொலை அந்த ஏற்பாட்டின் கடைசிப் படி. முந்தைய படிகளிலெல்லாம் நம் வீட்டு ஆட்களே உட்கார்ந்திருக்கிறார்கள்.

'ரோமியோ' என்ற சொல் நம்மிடம் வந்து என்ன ஆனது என்பதையும் பாருங்கள். பெண்களின் பின்னால் சுற்றுகிறவனுக்குத் தெருவில் நாம் வைத்த பட்டப்பெயர் அது. 2017இல் உத்தரப் பிரதேச அரசு 'ரோமியோ எதிர்ப்புப் படை' என்றே போலீஸ் படை அமைத்துப் பூங்காக்களில் ஜோடிகளைத் துரத்தியது. நம் பக்கம் அதற்குள் இன்னொரு சொல்லைத் தயாரித்துவிட்டிருந்தார்கள். நாடகக் காதல்! 2012இல் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் ஊர் ஊராகப் பேசியது நினைவிருக்கும். தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங்கிளாசும் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்களாம். அந்த நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் எரிந்தன. அடுத்த ஜூலையில் இளவரசன் தண்டவாளத்தில் கிடந்தார். ஒரு தலித் இளைஞனின் காதலை வேடம், நடிப்பு என்று அவர்கள் சொல்கிறார்கள். நாமும் போய் அதே காதலை நாடகத்தோடு ஒப்பிட்டு மேடை ஏற்றுகிறோம். எண்ணம் வேறுதான், தெரியும். ஆனால் பால்கனி, நிலா என்று அலங்காரம் செய்யும்போது கொன்றவன் சுவரொட்டியிலிருந்து காணாமல் போய்விடுகிறான் என்பதுதான் என் வருத்தம்.

ஷேக்ஸ்பியரை வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குப் பிடித்த நாடகம். ஆனால் இந்த ஊரில் நின்று காதலைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பெருமாள் கோயில் தெரு வரைக்கும் நடந்தால் போதும். பாரதிதாசனின் வீடு அங்கே இருக்கிறது. பாகவதரின் அம்பிகாபதி வெளிவந்த அதே 1937இல் அவருடைய புரட்சிக்கவி வெளிவந்தது. வடமொழியில் பில்கணன் கதையாக இருந்ததை எடுத்து மாற்றினார். புலவன் உதாரன், இளவரசி அமுதவல்லி. பார்த்துக்கொள்ளக் கூடாது என்று இடையில் திரை கட்டி, அவனுக்குக் கண் குருடு என்று இவளிடமும், இவளுக்குத் தொழுநோய் என்று அவனிடமும் பொய் சொல்லிவைக்கிறார்கள். நிலாவைப் பாடும்போது திரை விலகிவிடுகிறது. அரசன் தலையை வெட்டச் சொல்கிறான். இதுவரை எல்லாம் பழைய கதைதான். கொலைக்களத்தில் உதாரன் காதலைப் பற்றிப் புலம்பவில்லை, கூடியிருக்கும் மக்களைப் பார்த்துப் பேசுகிறான். மக்கள் கிளம்புகிறார்கள். அரசன் ஓடுகிறான். காதலர்கள் பிழைக்கிறார்கள்.

அது அரசனுக்கும் புலவனுக்குமான கதை, சேரிக்கும் ஊருக்குமானது அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அதில் ஒரு வேலை இருக்கிறது. புதுக்கூரைப்பேட்டையில் இல்லாதது அதுதான். கவின் கொலைக்குப் பிறகு ஆணவக் கொலைகளுக்கெனத் தனிச்சட்டம் வேண்டும் என்ற குரல் உரத்து, 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது. புதுச்சேரிக்கும் சட்டமன்றம் இருக்கிறது. எல்லைக்கோட்டைத் தாண்டினால் சாதி கரைந்துவிடுமா என்ன? காந்தி சிலையிலிருந்து அந்தச் சட்டமன்றம் நடக்கும் தூரம். உங்கள் நாடகத்தில் ஒரு வரி அதற்கு ஒதுக்குங்கள்.

எனவே தோழர்களே, பத்து வரி என்னால் தர முடியாது. ஒரு காட்சி தருகிறேன். மூன்றாம் அங்கம், அப்பா மகளைத் திட்டும் இடம், முழுசாக, புதுச்சேரிப் பேச்சில். பால்கனி வேண்டாம். சுவரொட்டியில் அந்த நிலாவையும் எடுத்துவிடுங்கள். இடையில் பெயர்களைச் சொல்லும்போது கொல்லப்பட்டவர் பெயரோடு எந்தத் தேதி, எந்த ஊர், வழக்கு இப்போது எந்த நீதிமன்றத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாற்றி எழுத ஒரு வாரம் பிடிக்கும். அப்பா வேஷத்துக்கு யாரும் முன்வரவில்லை என்று போனமுறை சொன்னீர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன். ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.